மாண்ட்ரியலில் அடித்த மணி: 1997 சர்வைவர் சீரிஸ்

1997 நவம்பர் 9, ஞாயிறு இரவு. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மோல்சன் சென்டர் அரங்கம். 20,000 பேருக்கு மேல் கூட்டம். டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) என்ற தொழில்முறை மல்யுத்த நிறுவனத்தின் சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியில் கடைசி மேட்ச்: சாம்பியன் பிரெட் ஹார்ட்டும் ஷான் மைக்கேல்ஸும். மேட்ச் தொடங்கி 12 நிமிடம் சொச்சத்தில் மைக்கேல்ஸ், பிரெட்டின் கால்களைப் பின்னி, பிரெட்டுக்கே பேர்போன ஷார்ப்ஷூட்டர் பிடியைப் போடுகிறார். பிரெட் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. தரையைத் தட்டவும் இல்லை. ஆனால் நடுவர் எர்ல் ஹெப்னர் மணியடிக்கச் சொல்கிறார். ரிங்குக்குப் பக்கத்தில் நிற்கும் முதலாளி வின்ஸ் மக்மேனும் அதையே கத்துகிறார். மணி அடிக்கிறது, சாம்பியன் பெல்ட் கைமாறுகிறது. ரிங்குக்குள் இருந்த மூவரில் இரண்டு பேருக்கு இது இப்படித்தான் முடியும் என்று முன்பே தெரியும். பிரெட்டுக்குத் தெரியாது.

'மாண்ட்ரியல் ஸ்க்ரூஜாப்' (மாண்ட்ரியல் ஏமாற்று வேலை) என்று பேர் வாங்கிய இந்தச் சம்பவத்தைப் பற்றி இன்றுவரை வாதம் ஓயவில்லை. பெல்ட்டை விட்டுக்கொடுக்க மறுத்தது பிரெட்டின் தப்பு என்று ஒரு கட்சி, முதுகில் குத்தியது வின்ஸின் தப்பு என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் பெல்ட்டைச் சுற்றியே பேசுகின்றன. எனக்கு அந்தப் பிடிதான் பெரிதாகப் படுகிறது. தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி முடிவாகும் விஷயம். பார்க்கிறவர்களுக்கும் அது தெரியும். ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் துளியும் நடிப்பில்லாத ஒன்று இருக்கிறது. ஒருவர் தன் கழுத்தை, முதுகை, முழங்காலை எதிராளியின் கையில் கொடுத்துவிட்டுப் படுக்கிறார். சர்க்கஸில் பார் விளையாடுகிறவர் கையை விட்டுப் பறக்கும்போது எதிரே தொங்குகிறவர் பிடிப்பார் என்று நம்புவது போன்ற நம்பிக்கை அது. மாண்ட்ரியலில் ஏமாற்று வேலை நடந்தது சரியாக அந்த இடத்தில்தான்.

இருவருக்கும் நடுவில் இருந்தது

நம்மூரில் ட்ரம்ப் கார்டு வைத்து விளையாடிய தலைமுறைக்கு இவர்கள் இருவரும் முதலில் வெறும் அட்டைப்படங்கள். ஆளுக்கு ஆள் அவர்கள் எவ்வளவு வேறுபட்டவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பிரெட் கால்கரிக்காரர். அப்பா ஸ்டூ ஹார்ட் 'ஸ்டாம்பீடு ரெஸ்லிங்' நிறுவனத்தை நடத்தியவர். வீட்டின் நிலவறையில், 'டஞ்சன்' என்று எல்லோரும் அழைத்த அந்த அறையில், பல வீரர்களைப் பிழிந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தவர். 12 பிள்ளைகளில் பிரெட் எட்டாவது. தன்னோடு ரிங்கில் இறங்கிய யாரையும் மோசமாகக் காயப்படுத்தியதில்லை என்பது பிரெட் திரும்பத் திரும்பச் சொல்லும் பெருமை. மைக்கேல்ஸ் டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் வளர்ந்தவர், எட்டு வயது இளையவர். ரிங்குக்குள் அவருக்கு இணை சொல்ல அந்தக் காலத்தில் ஆள் குறைவு. ரிங்குக்கு வெளியே அவரோடு காலம் தள்ளுவது கஷ்டம் என்பதையும் அவரே பின்னாளில் மறைக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1996 மார்ச் 31 அன்று அனஹெய்மில் நடந்த ரெஸில்மேனியா 12இல், நிறுவனத்தின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியில், இருவரும் 60 நிமிட ஐயர்ன்மேன் மேட்ச் ஆடினார்கள். குறித்த நேரத்துக்குள் அதிக முறை வீழ்த்துகிறவர் ஜெயிக்கும் மேட்ச் அது. ஒரு மணி நேரமும் புள்ளி எதுவும் விழவில்லை. கூடுதல் நேரத்தில் மைக்கேல்ஸ் ஜெயித்தார். பிரெட் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் தோற்றுக் கொடுத்தார். அடுத்த ரெஸில்மேனியாவில் மைக்கேல்ஸ் அந்தக் கடனைத் திருப்புவார் என்பது எல்லோருடைய எதிர்பார்ப்பும். ஆனால் 1997 பிப்ரவரியில் மைக்கேல்ஸ் முழங்கால் காயம் என்று சொல்லி, 'என் புன்னகையைத் தொலைத்துவிட்டேன்' என்று கண்கலங்கப் பேசி, பெல்ட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனார். தன்னிடம் தோற்காமல் தப்பிக்கத்தான் இதெல்லாம் என்று பிரெட் நம்பினார். கசப்பின் வேர் இங்கே.

அந்த ரெஸில்மேனியா 13இல் பிரெட்டுக்குக் கிடைத்த எதிராளி ஸ்டீவ் ஆஸ்டின். முகம் முழுக்க ரத்தம் வழிய, ஷார்ப்ஷூட்டர் பிடியில் கிடந்த ஆஸ்டின் கடைசிவரை தோல்வியை ஒப்புக்கொள்ளாமலே மயங்கினார். நடுவராக இருந்த கென் ஷாம்ராக் மேட்சை நிறுத்தினார். ஆஸ்டினை உச்சிக்குக் கொண்டுபோன மேட்ச் அது. அதே ஷார்ப்ஷூட்டர், அதே மாதிரி ஒப்புக்கொள்ளாத வீரர், அதே மாதிரி நடுவர் கையில் முடிவு. ஒரே வித்தியாசம், அங்கே எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு செய்தார்கள். அதனால் இருவருமே பெரிதாகி வெளியே வந்தார்கள்.

அதன்பிறகு பிரெட் அமெரிக்காவைத் திட்டும் வில்லனானார். தம்பி ஓவன், மைத்துனர்கள் பிரிட்டிஷ் புல்டாக், ஜிம் நைட்ஹார்ட், நண்பர் பிரையன் பில்மன் சேர்ந்து ஹார்ட் ஃபவுண்டேஷன் என்ற அணி. அமெரிக்க ஊர்களில் வசவு, எல்லை தாண்டி கனடாவுக்குள் நுழைந்தால் தேசிய நாயகன். ஜூலையில் கால்கரியில் நடந்த நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. பிரெட்டும் அதை வெறும் வேஷமாக எடுத்துக்கொள்ளவில்லை. கனடா மக்கள் தன்னை நிஜமாகவே நம்புகிறார்கள், அவர்களுக்குத் தான் பதில் சொல்லியாக வேண்டும் என்று நினைத்தார். இந்த நினைப்பை அளவுக்கு மீறியது என்பவர்கள் உண்டு. 40 வயதில், வாழ்க்கை முழுவதையும் ஒரு பாத்திரத்துக்குக் கொடுத்துவிட்ட மனிதர் அப்படி நினைத்ததில் எனக்கு வியப்பில்லை.

மே மாதம் மைக்கேல்ஸ் ஒளிபரப்பிலேயே பிரெட்டின் தனிவாழ்க்கையைச் சீண்டி ஒரு வார்த்தை விட்டார். ஜூனில் ஹார்ட்ஃபோர்டில் உடைமாற்றும் அறையில் இருவரும் நிஜமாகவே அடித்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 3 சம்மர்ஸ்லாமில், மைக்கேல்ஸ் சிறப்பு நடுவராக நிற்க, அண்டர்டேக்கரை வீழ்த்தி பிரெட் ஐந்தாவது முறையாக சாம்பியன். அக்டோபர் 5 அன்று கூண்டுக்குள் நடந்த முதல் 'ஹெல் இன் எ செல்' மேட்சில் மைக்கேல்ஸ் ஜெயித்து அடுத்த வாய்ப்பைப் பிடித்தார். பில்மன் இறந்ததும் அதே நாளில்தான். அந்த மாதம் பிரெட் சமாதானமாகப் போய், உனக்குத் தோற்றுக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று மைக்கேல்ஸிடம் சொன்னாராம். நான் உனக்கு அப்படிச் செய்யமாட்டேன் என்பது பதில். இது பிரெட் சொல்லும் கணக்கு. மாண்ட்ரியலில் அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக நின்றார் என்று புரிய இந்த ஒரு உரையாடல் போதும்.

20 ஆண்டு ஒப்பந்தம்

1996 இலையுதிர் காலத்தில் போட்டி நிறுவனமான டபிள்யூசிடபிள்யூ, மூன்று ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் டாலர் தருவதாக பிரெட்டை அழைத்தது. அவர் போகவில்லை. குறைந்த சம்பளத்துக்கு, ஆனால் 20 ஆண்டுக்கு, வின்ஸிடம் கையெழுத்துப் போட்டார். வின்ஸை அப்பா ஸ்தானத்தில் வைத்திருந்ததாக அவரே சொன்னவர்.

அந்த ஒப்பந்தம் ஒரு வருடம்கூட முழுதாக ஓடவில்லை. திங்கள் இரவுத் தொலைக்காட்சியில் பார்வையாளர்களைப் பிடிக்கும் போட்டியில் டபிள்யூசிடபிள்யூவின் 'நைட்ரோ' நிகழ்ச்சி, டபிள்யூடபிள்யூஎஃபின் 'ரா'வை 1996 ஜூனிலிருந்து வாரம் தவறாமல் முந்திக்கொண்டிருந்தது. 1997இல் வின்ஸ் பிரெட்டைக் கூப்பிட்டு, நிதி நிலைமை சரியில்லை, ஒப்பந்தப்படி கொடுக்க முடியாது, நீ அங்கே பேசிப் பார் என்று சொல்லிவிட்டார். அதாவது, ஒப்பந்தத்தை முதலில் முறித்தது முதலாளி. இதை மறந்துவிட்டு 'ஓடிப்போன சாம்பியன்' என்று பேசுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். நவம்பர் 1 அன்று பிரெட் டபிள்யூசிடபிள்யூவோடு கையெழுத்திட்டார். ஆண்டுக்குச் சுமார் 25 லட்சம் டாலர்.

பழைய ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. கடைசி 30 நாட்களில் தன் பாத்திரம் எப்படி முடிய வேண்டும் என்பதில் பிரெட்டுக்கு நியாயமான அளவு உரிமை உண்டு. அந்த உரிமையை வைத்துத்தான் அவர், கனடாவில் வைத்து மைக்கேல்ஸிடம் தோற்க மாட்டேன் என்றார். பெல்ட்டைக் கொடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. வேறு ஊரில் கொடுக்கிறேன், வேறு ஆளிடம் தோற்கிறேன், திங்கட்கிழமை ராவில் நானே பெல்ட்டை ஒப்படைக்கிறேன் என்று பல வழிகள் பேசப்பட்டன.

வின்ஸின் பயத்துக்கும் காரணம் இருந்தது. 1995 டிசம்பரில் டபிள்யூடபிள்யூஎஃப் பெண்கள் சாம்பியன் அலுண்ட்ரா பிளேஸ், நைட்ரோவில் போய் நின்று அந்த பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார். திங்கட்கிழமை நைட்ரோவில் டபிள்யூசிடபிள்யூவின் எரிக் பிஷாஃப் எழுந்து, அவர்களுடைய சாம்பியன் எங்களிடம் வந்துவிட்டார் என்று அறிவித்தால்? அந்தக் காட்சியை நினைத்தே வின்ஸுக்குத் தூக்கம் போயிருக்கும். ஆனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1991இல் ரிக் ஃபிளேர் எதிர் முகாமின் பெல்ட்டோடு வந்தபோது, அதைத் தன் ஒளிபரப்பில் காட்டி ஆதாயம் தேடியவர் இதே வின்ஸ்தான். பெல்ட்டோடு ஓடிவருவது அவருக்குப் புதிதான விளையாட்டு இல்லை.

யாருக்கெல்லாம் தெரியும்

ஞாயிறு மதியம் வின்ஸும் பிரெட்டும் அரங்கத்தில் தனியாகப் பேசினார்கள். மேட்ச் குழப்பத்தில் முடியட்டும், இரண்டு தரப்பு ஆட்களும் உள்ளே ஓடிவந்து அடித்துக்கொள்ளட்டும், பெல்ட் பிரெட்டிடமே இருக்கட்டும், மறுநாள் ஒட்டாவாவில் நடக்கும் ராவில் அவர் அதை ஒப்படைக்கட்டும் என்று முடிவானது. வின்ஸ் சரி என்றார். அந்தச் 'சரி' ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. பிரெட்டைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு கனடியக் குழு அன்று அவர் சட்டைக்குள் மைக் மாட்டியிருந்தது. இந்தப் பதிவு இல்லாமல் போயிருந்தால், ஒருவர் சொல்வதற்கு எதிராக இன்னொருவர் சொல்வது என்று இந்த விவகாரம் எப்போதோ கரைந்திருக்கும்.

ஆனால் முந்தைய நாளே வேறு திட்டம் தயாராகியிருந்தது. மைக்கேல்ஸுக்கும் அவர் நண்பரான வீரர் ட்ரிபிள் ஹெச்சுக்கும் தெரியும். நிஜ மல்யுத்தத்தில் தேர்ந்த ஜெரால்டு பிரிஸ்கோ, பிரெட் திமிறினால் தற்காத்துக்கொள்வது எப்படி என்று மைக்கேல்ஸைத் தயார்படுத்தினார். யோசனை யாருடைய மூளையில் உதித்தது என்பதில், நிறுவனத்தின் கதைக்குழுவில் இருந்த ஜிம் கார்னெட், வின்ஸ் ரூஸோ இருவருமே தங்கள் பங்கைப் பின்னாளில் சொல்லிக்கொண்டார்கள். மேட்சின் போக்கை பிரெட்டோடு உட்கார்ந்து கோத்தவர் முன்னாள் வீரர் பேட் பேட்டர்சன், மாண்ட்ரியலிலேயே பிறந்தவர். மைக்கேல்ஸ் உன் பிடியையே உன்மேல் போடட்டும், நீ காலைப் பிடித்துக் கவிழ்த்துத் திருப்பு, கூட்டம் கொண்டாடும் என்றார். நல்ல யோசனை. பிரெட்டும் ரசித்துத்தான் ஏற்றுக்கொண்டார். பேட்டர்சனுக்கு உள்விவகாரம் தெரியுமா என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. தனக்குத் தெரியாது என்றே அவர் சொன்னார்.

எச்சரிக்கை வராமலும் இல்லை. ஜப்பானில் நிறைய அனுபவம் கொண்ட சக வீரர் வேடர், மல்லாந்து கிடக்காதே, எந்தப் பிடியிலும் மாட்டாதே என்று சொன்னதாக பிரெட் நினைவுகூர்ந்திருக்கிறார். பிரெட் ஹெப்னரிடம் போனார். இருவரும் நீண்டகால நண்பர்கள். அப்படி எதுவும் செய்யமாட்டேன் என்று ஹெப்னர் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தாராம். அத்தோடு பிரெட்டின் மனது ஆறியது.

ஹெப்னரின் பழைய கதை ஒன்றை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1988 பிப்ரவரியில் என்பிசி தொலைக்காட்சியில் ஹல்க் ஹோகனும் ஆந்த்ரே தி ஜயன்ட்டும் மோதிய மேட்சில், நடுவர் டேவ் ஹெப்னரைப் போலவே இருக்கும் ஒரு போலி நடுவர் ஹோகனின் பெல்ட்டைப் பறித்துக்கொடுத்தார். அந்தப் போலி நடுவர்தான் டேவின் இரட்டைச் சகோதரர் எர்ல். இந்த நிறுவனத்துக்குள் அவர் காலெடுத்து வைத்ததே விலைபோன நடுவர் வேஷத்தில். ஒன்பது ஆண்டு கழித்து வேஷம் இல்லாமல் அதையே செய்ய வேண்டிவந்தது.

அன்றைய மற்ற மேட்சுகள்

நிகழ்ச்சி மொத்தமாகப் பார்த்தால் சுமார் ரகம்தான். தோற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியேறும் அணி மேட்சுகள்தான் எலிமினேஷன் மேட்சுகள். கீழ்ப்பட்டியலில் இருந்த அப்படிப்பட்ட இரண்டை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை, வைத்திருக்கத் தேவையும் இல்லை. டீம் கனடா, டீம் அமெரிக்கா மேட்சில் புல்டாக் கடைசி ஆளாக நின்றார், அரங்கம் அதிர்ந்தது. கேன் தன் முதல் மேட்சில் மேன்கைண்டை நொறுக்கினார். சிவப்பு விளக்கில் நடந்த அந்த மேட்ச் இன்று பார்த்தாலும் நன்றாக இருக்கிறது. ஷாம்ராக் தன் அணியில் தனியாக மிஞ்சி ராக்கை வீழ்த்தினார்.

ஆஸ்டின், ஓவன் மேட்ச் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டியது. சம்மர்ஸ்லாமில் ஓவன் போட்ட பைல்டிரைவர், அதாவது ஆளைத் தலைகீழாகப் பிடித்துக் கீழே இறக்கும் அடி, தவறிப்போய் ஆஸ்டினின் கழுத்து நசுங்கியது. சில நிமிடம் கைகால் அசையாமல் கிடந்தார். மூன்று மாதம் கழித்து அதே ஓவனோடு, நாலு நிமிடமே ஓடிய மேட்சில், நிறுவனத்தின் இரண்டாம் நிலைப் பட்டமான இன்டர்காண்டினென்டல் பெல்ட்டைத் திரும்ப வாங்கினார். உடம்பை எதிராளியிடம் கொடுப்பதில் இருக்கும் ஆபத்துக்கு அந்த மேட்ச் நேரடிச் சாட்சி. கெட்ட எண்ணம் துளியும் இல்லாத ஓவனிடமே கழுத்து போயிருக்கும். அதே இரவில், ஒரு மணி நேரத்துக்குள், எண்ணம் வேறாக இருந்த இடத்தில் பிரெட் தன் கால்களைக் கொடுத்தார்.

அந்தப் பிடி

மேட்ச் மணியடிப்பதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது. மைக்கேல்ஸ் கனடாவின் கொடியை அசிங்கப்படுத்தினார், அரங்கம் கொதித்தது. இருவரும் கூட்டத்துக்குள் புரண்டார்கள். அவர்களை ரிங்குக்குள் விரட்டும் சாக்கில் அதிகாரிகளோடு வின்ஸும் ரிங் ஓரத்துக்கு வந்தார். அப்போது அவர் பெரும்பாலான ரசிகர்களுக்கு வர்ணனையாளர் மட்டுமே. மேட்ச் தொடங்கியும் அவர் நகராமல் நின்றது பழகிய கண்களுக்கு உறுத்தியிருக்கும்.

உண்மையைச் சொன்னால் மேட்ச் நன்றாகவே போகிறது. பிரெட் கயிற்றுக் கம்பத்திலிருந்து பாய்கிறார், மைக்கேல்ஸ் ஹெப்னரை முன்னால் இழுத்துவிடுகிறார், நடுவர் சரிகிறார். இதெல்லாம் பேசிவைத்தபடி. மைக்கேல்ஸ் கண்ணில் குத்தி பிரெட்டை விழவைத்துக் கால்களைப் பிடிக்கிறார்.

ஷார்ப்ஷூட்டரை ஒருவர் தனியாகப் போட்டுவிட முடியாது. ஜப்பானின் ரிக்கி சோஷு பிரபலமாக்கிய பிடி இது. போடுகிறவர், மல்லாந்து கிடப்பவரின் கால்களுக்கு நடுவே தன் ஒரு காலை நுழைத்து, அவருடைய இரண்டு கால்களையும் தன் தொடையைச் சுற்றிப் பின்னி, அக்குளில் இறுக்கிக்கொண்டு, அப்படியே ஆளைக் குப்புறப் புரட்டி, அவர் தலைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். 100 கிலோ ஆள் புரள மறுத்தால் யாராலும் புரட்ட முடியாது. அடியில் கிடப்பவர் இடுப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிரெட் திருப்பிக் கொடுத்தார். தன் பெயரோடு ஒட்டிய பிடியை, தனக்குப் பிடிக்காத மனிதர் தன்மேல் போட, தன் உடம்பாலேயே உதவினார்.

அடுத்தது பேட்டர்சன் சொன்ன திருப்பம். பிரெட் கையைப் பின்னால் நீட்டி மைக்கேல்ஸின் காலைப் பிடிக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் கீழே கிடக்க வேண்டிய ஹெப்னர் எழுந்துவிட்டார். மணியடிக்கக் கையைக் காட்டுகிறார். வின்ஸ் மணிக்காரரைப் பார்த்துக் கத்துகிறார். மணி அடிக்கிற நேரத்தில் பிரெட் மைக்கேல்ஸின் காலை வாரி, பிடியிலிருந்து விடுபட்டுக்கொண்டிருக்கிறார். பதிவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தோற்றதாக அறிவிக்கப்பட்ட ஆள், அறிவிக்கப்பட்ட கணத்தில் அந்தப் பிடியை உடைக்கிறார்.

ஹெப்னர் ரிங்கை விட்டு இறங்கி ஓடினார். வெளியே அவருக்காக கார் காத்திருந்தது. மைக்கேல்ஸ் தானும் அதிர்ந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, பெல்ட்டை வாங்கி, பிரிஸ்கோவும் ட்ரிபிள் ஹெச்சும் சூழ வெளியேறினார். பிரெட் கயிற்றுப் பக்கம் வந்து கீழே நின்ற வின்ஸின் முகத்தில் காறித் துப்பினார். ஒளிபரப்பு வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்தது. அதன்பிறகு அவர் திரைகளை உடைத்ததையும், ரிங்கில் நின்று காற்றில் விரலால் டபிள்யூசிடபிள்யூ என்று எழுதிக் காட்டியதையும் அரங்கில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

உள்ளே, எனக்கு எதுவும் தெரியாது என்று மைக்கேல்ஸ் பிரெட்டிடம் சத்தியம் செய்தார். அது பொய் என்பதைப் பல ஆண்டு கழித்து அவரே சொன்னார். வின்ஸ் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். போய் அவரிடம் பேசுங்கள் என்று அண்டர்டேக்கர் வலியுறுத்திய பிறகுதான் வெளியே வந்தார். குளித்து உடைமாற்றிக்கொண்டிருந்த பிரெட், இங்கேயிருந்து போய்விடு என்று எச்சரித்தார். வின்ஸ் போகவில்லை. ஒரே குத்து. தள்ளாடிக்கொண்டு நடைபாதையில் போகும் வின்ஸை அந்த ஆவணப்படக் குழுவின் கேமரா பிடித்திருக்கிறது.

வேறு வழி இருந்ததா

இருந்தது. என் முடிவு அதுதான். பெல்ட் விஷயத்தில் இருவருமே பிடிவாதக்காரர்கள் என்பதை மறுக்கவில்லை. ஒரு சாம்பியன் நிறுவனத்தை விட்டுப் போகும்போது, போகிற வழியில் தோற்றுக் கொடுத்துவிட்டுப் போவது இந்தத் தொழிலின் மரபு. சொந்த நாட்டில் தோற்பதில் கௌரவம் போகிறது என்ற பிரெட்டின் வாதத்துக்கு நான் முழு மதிப்பெண் போட மாட்டேன். ஆனால் மாண்ட்ரியலுக்கு முன்பும் பின்பும் அவர் யாரிடமும் தோற்கத் தயாராக இருந்தார். கையெழுத்தான நாளிலிருந்து மாண்ட்ரியலுக்கு ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. ஏதாவது ஒரு அமெரிக்க ஊரில், ஒரு சாதாரண நிகழ்ச்சியில்கூட, பெல்ட்டை வேறொருவருக்கு மாற்றியிருக்கலாம். மைக்கேல்ஸே வாங்க வேண்டும், மாண்ட்ரியலிலேயே வாங்க வேண்டும் என்று வின்ஸ் நின்றார். அந்த இரண்டு நிபந்தனைக்காகத்தான் இத்தனையும்.

இந்தத் தொழிலில் துரோகம் புதிதில்லை. 1925இல் பிலடெல்பியாவில், தோற்றுக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்த ஸ்டானிஸ்லாஸ் ஜிபிஸ்கோ, சாம்பியன் வெய்ன் மன்னை நிஜமாகவே மடக்கிப் பட்டத்தைப் பறித்தார். டபிள்யூடபிள்யூஎஃபிலேயே 1985 நவம்பரில், மேடிசன் ஸ்கொயர் கார்டனில், சம்பளத் தகராறில் இருந்த பெண்கள் சாம்பியன் வெண்டி ரிக்டரை இப்படித்தான் முடித்தார்கள். 'ஸ்பைடர் லேடி' முகமூடிக்குள் இருந்தவர் மூத்த வீராங்கனை ஃபேபுலஸ் மூலா. ரிக்டர் தோளைத் தூக்கியும் நடுவரின் எண்ணிக்கை நிற்கவில்லை. பிரெட்டுக்காகக் கொதித்த பலர் ரிக்டரின் பேரைக்கூடச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம். ஜிபிஸ்கோ தன் பலத்தால் ஏமாற்றினார். ரிக்டர் விஷயத்திலும் பிரெட் விஷயத்திலும் முதலாளி, நடுவரை வைத்து ஏமாற்றினார். வீரர்களுக்குச் சங்கம் இல்லாத தொழிலில் இதைக் கேட்க ஆளே இல்லை.

அப்புறம் நடந்தது

உடைமாற்றும் அறையில் பெரும் கொந்தளிப்பு. மேன்கைண்டாக நடித்த மிக் ஃபோலி மறுநாள் ராவுக்கு வராமல் வீட்டிலிருந்தார், பிறகு வேறு வழியில்லாமல் திரும்பினார். புல்டாக் பணம் கட்டி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போனார், நைட்ஹார்ட்டும் போனார். ரிக் ரூட் நவம்பர் 17 அன்று முன்பே பதிவான ராவில் தாடியோடும், நேரலையான நைட்ரோவில் மீசையோடும் ஒரே இரவில் இரண்டு பக்கமும் தோன்றினார். ஓவனை மட்டும் வின்ஸ் விடவில்லை.

அதே நவம்பரில் வின்ஸ், வர்ணனையாளர் ஜிம் ராஸுக்கு அளித்த பேட்டியில், பிரெட்டை ஏமாற்றியது பிரெட்தான் என்றார். ரசிகர்களுக்கு இரத்தம் கொதித்தது. அந்த வெறுப்பிலிருந்து 'மிஸ்டர் மக்மேன்' என்ற வில்லன் முதலாளி பிறந்தார், எதிரில் ஆஸ்டின் நின்றார். 1998 ஏப்ரலில் ரா நைட்ரோவை முந்தியது, 2001இல் வின்ஸ் டபிள்யூசிடபிள்யூவையே வாங்கினார். ஆக வின்ஸ் செய்தது சரிதான் என்று இதை வைத்து வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஏற்பில்லை. நடந்ததை லாபமாக மாற்றியது அவர் திறமை. செய்யும்போது அந்த லாபம் அவர் கணக்கிலேயே இல்லை, பெல்ட்டைக் காப்பாற்றும் பதற்றம்தான் இருந்தது.

டபிள்யூசிடபிள்யூ தன் கையில் விழுந்த ஆளை வீணடித்தது. 1997 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் ஸ்டார்கேடு நிகழ்ச்சியில் ஸ்டிங், ஹோகன் மேட்சில், மாண்ட்ரியல் மாதிரி அநியாயம் நடக்க விடமாட்டேன் என்று பிரெட் குறுக்கே வருவதாகக் கதை. ஆனால் ஹோகனுக்குச் சாதகமாக வேகமாக எண்ணி ஏமாற்ற வேண்டிய இடத்தில் நடுவர் சாதாரணமாக எண்ணிவிட்டார். அநியாயமே நடக்காத இடத்தில் நியாயம் கேட்டு நின்றார் பிரெட். 1999 மே 23 அன்று கன்சாஸ் சிட்டியில், உயரத்திலிருந்து கயிற்றில் இறங்கும் சாகசத்தின்போது விழுந்து ஓவன் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் எதிராளி கோல்ட்பர்க்கின் உதை ஒன்று பிரெட்டின் தலையில் பட்டு அவர் ஆட்டத்தை முடித்தது. 2002இல் பக்கவாதம். யாரையும் காயப்படுத்தாத பெருமையோடு வாழ்ந்தவரை, அஜாக்கிரதையான ஒரு உதை முடித்துவைத்தது.

வின்ஸ் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப விற்றார். சரியாக ஒரு வருடத்தில், 1998 சர்வைவர் சீரிஸில், ராக் மேன்கைண்டுக்கு ஷார்ப்ஷூட்டர் போட்டார், வின்ஸ் மணியடிக்கச் சொன்னார், ராக் சாம்பியன். அதன்பிறகும் எத்தனையோ முறை. மைக்கேல்ஸ் மாண்ட்ரியலுக்கு வந்தால் கூட்டம் அவரை விட்டதில்லை. 'பிரெட்டை ஏமாற்றினாய்' என்று கோஷம் போடும்.

2010 ஜனவரி 4 அன்று ராவில் பிரெட்டும் மைக்கேல்ஸும் ரிங்கில் நேருக்கு நேர் பேசிக் கட்டிக்கொண்டார்கள். மார்ச்சில் ரெஸில்மேனியா 26இல் பிரெட், வின்ஸை ஷார்ப்ஷூட்டரில் மடக்கி ஜெயித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு கீழே விழவே கூடாத உடம்பு அவருடையது. மேட்ச் என்ற அளவில் அது பலவீனமானது, இழுவை, பலரும் திட்டினார்கள். ஆனால் அதில் வின்ஸ் பிரெட்டின் உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார், அடிகளைத் தானே வாங்கினார். மைக்கேல்ஸோடு கட்டிக்கொண்டதைவிட இதைத்தான் நான் சமாதானமாக எடுத்துக்கொள்கிறேன்.